அடுப்படிக் கதவைத் திறந்த அத்தை

ராஜபாளையத்தில் அப்பா வாங்கிய வீட்டின் முன்சுவரில், ‘இந்தச் சொத்து எங்கள் நிறுவனத்தின் கைவசம் உள்ளது’ என்று வீட்டுக்கடன் கம்பெனிக்காரர்கள் சிவப்புப் பெயின்ட்டில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். தவணை கட்ட முடியாமல் போன யாரோ ஒருவருடைய வீடு. ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் ஏலம் விட்டபோது அப்பா எடுத்துவிட்டார். மூன்று தடவை வெள்ளையடித்தும் அந்த எழுத்து வெளிறிப்போய் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பால் காய்ச்சும் நாளன்று அதற்கு நேராக வாழைமரத்தைக் கட்டி மறைத்தார்.

சொந்தக்காரர்களிடம் தெரிந்தவர் வீடு, சல்லிசாகக் கிடைத்தது என்று சொல்லி வைத்திருந்தார். அந்தத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் அப்பாவுக்கு உடனே இருமல் வந்துவிடும். அம்மாவுக்கோ வேறு பயம். ஏல வீடு என்று தெரிந்தால் அப்பா வழி ஆட்கள் வாயில் போட்டு மெல்லுவார்கள். நல்ல நேரத்தில் பால் பொங்கிவிட்டால் போதும், பிறகு யாரும் வாயைத் திறக்க முடியாது என்று அவள் நம்பினாள்.

நல்ல நேரம் ஏழரை மணி வரை. முந்தின நாள் வீட்டைக் கழுவிவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்தியது அப்பாதான். ராத்திரி பெய்த ஐப்பசி மழையில் மரம் உப்பிக்கொண்டது. ஏழே காலுக்குக் கதவு அசைய மாட்டேன் என்றது. தளவாய்புரத்துச் சித்தப்பா தோளைக் கொடுத்துத் தள்ளினார். அதைப் பார்த்து வ.புதுப்பட்டி மாமாவும் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தார். அப்பா பக்கம், அம்மா பக்கம் என்று இரண்டு பக்கத்து மானமும் அந்தக் கதவில் இருந்ததால் கொஞ்ச நேரத்தில் இருவரும் கதவை விட்டுவிட்டு ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உடைத்துவிடலாம் என்றார் சித்தப்பா. முதல் நாளே கதவை உடைப்பதா என்று அம்மா பால் சட்டியோடு அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் முன்னே வந்தார்.

“செத்த வெலகுங்க.”

கைப்பிடியை மேலே தூக்கி, கீழ் மூலையில் காலால் ஒரு மிதி, இடுப்பால் ஓர் இடி. கதவு திறந்துகொண்டது. நேரே உள்ளே போய், எங்களில் யாருக்கும் வழிக்கு வராத குழாயை இடது பக்கம் திருகித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். ஏழரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பால் பொங்கியது. எல்லோரும் குலவை போட்டார்கள். அவர் மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை பட்டிருக்கும் என்று நினைத்தேன், அது கேஸ் அடுப்பு என்பதை மறந்து.

பிறகு நடந்த உபசாரத்தைச் சொல்லி மாளாது. அப்பா தன் கையாலேயே நாற்காலி கொண்டுவந்து போட்டார். அம்மா கேசரியை இரண்டு தடவை வைத்தாள். தாம்பூலப்பை இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொன்றாக வந்தது. அவர் ஒரு பையை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். நான் வாசல்வரை ஓடிப்போய், நீங்கள் எங்களுக்கு என்ன முறை என்று கேட்டேன்.

“அத்தைன்னு வச்சுக்கோயேன். மழைக்காலத்துல அந்தக் கதவத் தூக்கித்தான் தள்ளணும். ஒங்கம்மாட்ட சொல்லு, என்ன?”

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அப்பா அம்மாவிடம் கேட்டார்.

“அந்தப் பொம்பள ஒன் பெரியம்மா மகளா?”

“ஒங்க தளவாய்புரத்து ஆளுன்னுல்லா அவியளுக்கு ரெண்டு தடவ கேசரி வச்சேன்.”

இருவரும் அடுப்படிக் கதவைப் பார்த்தார்கள். அப்பாவுக்கு இருமல்கூட வரவில்லை. அவர்களைச் சிரிக்க வைக்கலாமென்று, காலையில் நான் பார்த்த வேடிக்கையைச் சொன்னேன். வீட்டுக்குள் நாற்பது பேர் இருக்கும்போது, அந்த அத்தை வெளியே போய் கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டார், நன்றாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சொல்லிவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். இதில் சிரிக்க முடியாதபடி என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.