நேரில் பார்த்த ஒரே ஆட்டம்

என் மகள் வேல்ஸ் நாட்டுக்காக எட்டு ஆண்டுகள் பாட்மிண்டன் ஆடினாள். அவள் ஆடியதில் ஓர் ஆட்டத்தைத்தான் நான் நேரில் பார்த்தேன்.

அவள் பிறந்து வளர்ந்தது மஸ்கட்டில், ரூவியில் நானும் என் மனைவியும் இருக்கும் இரண்டு அறை வீட்டில். பள்ளிக்கூட ஹாலில் ஆடக் கற்றுக்கொண்டாள். ரூவியில் பிறந்தாலும் குடியுரிமை இல்லாததால் ஓமன் அணியில் அவளுக்கு இடம் கிடையாது. தமிழ்நாட்டிலோ அவள் ஆட்டத்தை யாரும் பார்த்ததில்லை. பதினெட்டு வயதில் கார்டிஃபுக்குப் படிக்கப் போனாள். அங்கேயே தங்கி, அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கி, வேல்ஸ் என்று முதுகில் எழுதிய சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். போய்ப் பார்க்க இரண்டு முறை விசா கேட்டேன், மறுத்துவிட்டார்கள். மூன்றாம் முறை விசா வந்தது, லீவு வரவில்லை.

அதனால் அவள் ஆட்டம் எனக்கு எண்களாகத்தான் வந்தது. அலுவலக மேஜையில் கணக்குத் தாள்களுக்கு நடுவே போனைச் சாய்த்து வைத்துக்கொள்வேன். பத்து–எட்டு. பதினொன்று–எட்டு. எண் மாறாமல் நின்றால் திரையைத் தட்டித் தட்டிப் பார்ப்பேன். இன்டர்நெட் போய்விட்டதா, விழுந்துவிட்டாளா? மாறியதும்தான் மூச்சு வரும். தோற்ற நாளில் பேசும்போது, "ரெண்டு பாயிண்ட்தானே விட்டே, அடுத்ததுல பிடிச்சிடலாம்" என்பேன். அவளுக்கும் அப்படிச் சொன்னால்தான் பிடிக்கும். கோச் ஒரு வருடமாகவே போதும், நிறுத்திவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் சொல்லவில்லை.

பிறகு துபாயில் ஒரு போட்டிக்கு வந்தாள். இன்னும் நான்கு ஆண்டு ஆடப்போகிறாளா, நிறுத்தப்போகிறாளா என்று அந்த வாரத்துக்குள் அணிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்க வந்து பாருங்கப்பா. நீங்க ஆடுன்னா ஆடுறேன்" என்றாள்.

ரூவியிலிருந்து பஸ் ஏறினேன். என்ன சொல்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

துபாய் அரங்கில் எனக்குப் பக்கத்து இருக்கையில் தஞ்சாவூர்ப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர். அன்று டியூட்டி இல்லையாம், டிக்கெட் இலவசம் என்று வந்திருந்தார். ஆட்டம் ஆரம்பித்ததும் பழக்கத்தில் நான் போனை எடுத்துவிட்டேன்.

"ஐயா, ஆட்டம் அங்க நடக்குது. போன்ல என்ன பாக்குறீங்க?"

"ஸ்கோர்."

"அதான் எதிர்லயே போர்டுல பெருசா எரியுதே! கல்யாணத்துக்கு வந்துட்டு ஆல்பத்தப் பாக்குற ஆளா இருக்கீங்களே."

போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பார்த்தேன். நெட்டை நோக்கிப் பாய்ந்து ஷட்டிலை எடுத்துவிடுகிறாள். எழுவதுதான் முடியவில்லை. வலது முட்டியில் கையை ஊன்றி, உதட்டைக் கடித்து எழுந்தாள். எதிராளிக்கு முதுகைக் காட்டி நின்று சட்டையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வைதானா என்று தெரியவில்லை. அப்படி எத்தனை முறை எழுந்தாள் என்று எண்ணத் தொடங்கி, பதினான்கில் நிறுத்திக்கொண்டேன்.

"லேபர் கேம்ப்ல லீவு கேக்குறவன் மாதிரில்ல நொண்டுது!" என்றார் டிரைவர்.

"அது என் பொண்ணு."

அவர் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை மடித்தார். "மன்னிச்சுக்குங்க ஐயா. என் வாயி சும்மா இருக்காது." அதற்குப் பிறகு அவள் எடுத்த ஒவ்வொரு பாயிண்டுக்கும், முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கை தட்டினார்.

மூன்றாவது செட்டில் இருபத்தொன்று–பத்தொன்பது என்று ஜெயித்தாள். ரூவியில் இருந்திருந்தால் அலுவலகம் முழுக்க ஸ்வீட் கொடுத்திருப்பேன்.

கீழே போனேன். படியில் உட்கார்ந்து முட்டியில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களாப்பா? த்ரீ செட்ஸ்! இன்னும் நாலு வருஷம் ஆடலாம்ல?"

நான் குனிந்து, நழுவிய ஐஸ் பையை முட்டியில் சரியாக வைத்தேன்.

"அப்பா, ஜெயிச்சிருக்கேன்ப்பா."

"பாத்தேன்மா. போதும்மா."

சிரிப்பு உடனே போகவில்லை. நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இத நீங்க ஒருநாளும் சொன்னதில்லையே" என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நீங்க வராமலே இருந்திருக்கலாம்ப்பா."

மறுநாள் அடுத்த சுற்றில் தோற்றாள். அந்த வாரமே நிறுத்துவதாக எழுதிக் கொடுத்தாள். இப்போது கார்டிஃபில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிடுகிறாள். அங்கே மழை என்கிறாள், நான் இங்கே வெயில் என்கிறேன். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஓகேப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்கிறாள்.