ராசியில்லாத ரசிகன்

இந்த ஊரில் கால்பந்து பார்க்கப் போகிறவர்கள் மாட்டிறைச்சிச் சாற்றைக் காகிதக் கோப்பையில் வாங்கி, டீ மாதிரி ஊதி ஊதிக் குடிக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், காற்று காதைப் பிய்த்தெடுக்கும் ஒரு சின்ன ஊர் இது. முதல் தடவை மைதானத்துக்குப் போனபோது பக்கத்து இருக்கைக்காரர் ஏலன் எனக்கும் ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தார். டீ என்று நம்பி ஒரு மடக்கு குடித்துவிட்டுத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் திருதிருவென விழித்தேன். "சூடாக இருக்கிறதா?" என்று கேட்டார். நம் ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினேன். சூடு போதவில்லை என்று எடுத்துக்கொண்டு, எழுந்து போய் இன்னொன்று வாங்கி வந்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை இரண்டையும் நானே குடித்தேன்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஆட்டம் முடிந்த பிறகு இருந்தது. உள்ளூர் அணி நான்கு கோல் வாங்கித் தோற்றிருந்தது. எல்லோரும் எழுந்து நின்று தோற்றவர்களுக்குக் கைதட்டினார்கள். "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். யாரால் தோற்றோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இது விளங்கவே இல்லை. எங்கள் ஊரான கருங்குழியில் தோல்விக்கு ஆள் வேண்டும். ரெஃப்ரி, காற்று, மண் என்று வரிசையாகத் தேடுவார்கள். கடைசியில் என்னிடம் வந்து நிற்பார்கள்.

என் மனைவி ரேவதிக்கு இங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தபோது, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் உதிரிபாகக் கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே வந்தவன் நான். இப்போது அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பெரும்பாலும் அவளுக்கு ட்யூட்டி, எனக்கு விடுமுறை. வீட்டில் தனியாக ஹீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு, மைதானத்தில் நான்கு பேருடன் சேர்ந்து நடுங்கலாம் என்று போக ஆரம்பித்தேன். போன பிறகுதான் தெரிந்தது, நான் தேடிப் போனது வேறு ஒரு கூட்டத்தை என்று.

எங்கள் கூட்டத்தின் பெயர் ஏரிக்கரை ஃப்ரெண்ட்ஸ். மஞ்சள் ஜெர்சி. ஆட்டோ ஓட்டுகிறவன், செல்போன் கடைக்காரன், ஷிஃப்ட் முடித்து நேராக ஓடிவரும் கம்பெனிப் பையன்கள், நெல் வயலிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் சேர்ந்த அணி. கோப்பை என்று ஒன்றைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எந்த ஊரில் ஆட்டம் என்றாலும் நாங்கள் போய்விடுவோம். என்னோடு பள்ளியில் படித்த டில்லியிடம் ஒரு குட்டியானை வண்டி உண்டு. வாரம் முழுக்கக் காய்கறி ஏற்றும் அந்த வண்டியின் பின்னால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏறிக்கொள்வோம். கூட டில்லியின் அக்கா வனஜாவும் வருவார். கம்பெனி கேன்டீனில் நூறு பேருக்குக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை. எதிரணிக்காரனுக்குப் பந்தைவிட வனஜா அக்காவின் வாய்தான் பயம்.

என் ராசி செங்கல்பட்டில் நடந்த ஓர் ஆட்டத்தில் வெளிப்பட்டது. கோல் விழாமல் இழுத்துக்கொண்டிருந்த ஆட்டம். நான் டீ குடிக்க வெளியே போனேன், எங்கள் அணி கோல் போட்டது. ஓடிவந்து நின்றேன், அவர்கள் போட்டார்கள். மறுபடி டீக்கடைக்குப் போனேன், நாங்கள் போட்டோம். திரும்ப வந்ததும் டில்லி என் தோளில் கையைப் போட்டு ஓரமாக அழைத்துப் போனான்.

"மச்சான், தப்பா எடுத்துக்காத. இன்னொரு டீ குடிச்சிட்டு வாயேன்."

வனஜா அக்காவுக்கு இந்த நயமெல்லாம் கிடையாது. "டேய் கோபி, நீ இன்னும் இங்கியேவா கீற? ஓடு, ஓடு! பிகில் ஊதற வரிக்கும் கடைய வுட்டு நகராத!"

அன்று ஜெயித்தோம். அதற்குப் பிறகு அது ஒரு சட்டம்போல ஆகிவிட்டது. ஆட்டம் நன்றாகப் போனால் நான் பார்க்கலாம், இறுக்கமாகிவிட்டால் வெளியேறிவிட வேண்டும். டீக்கடைக்காரர் என் தலையைப் பார்த்ததுமே, "இன்னா தம்பி, மேட்ச் இழுத்துகினு கீதா?" என்று கேட்டு, சர்க்கரையைக் குறைத்துப் போட ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்ததா என்றால் வந்தது. அவ்வளவு தூரம் வண்டியில் குலுங்கிக்கொண்டு போய், முக்கால்வாசி ஆட்டங்களைச் சத்தமாக மட்டும் கேட்டவன் நான் ஒருவன்தான். ஆனால் ஜெயித்துவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாக வீடு திரும்பும்போது, "இன்னிக்கு மேன் ஆஃப் தி மேட்ச் கோபிதான்டா, அஞ்சு டீ!" என்று டில்லி கத்துவான். எல்லோரும் என் முதுகில் அறைவார்கள். கோபம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

நான் வெளிநாடு கிளம்பியபோது விமான நிலையத்தில் டில்லி என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "ஒரு வகையில டீமுக்கு நல்லதுதான் மச்சான்" என்றான். சொன்னதுபோலவே அந்த வருடத்திலிருந்து ஏரிக்கரை ஃப்ரெண்ட்ஸ் ஜெயிக்க ஆரம்பித்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதி வயிற்றெரிச்சல் என்பதை மறைப்பானேன்? அங்கே ஞாயிறு மாலை என்றால் இங்கே காலை. டில்லி வீடியோவில் கூப்பிட்டு, போனை வண்டியின் கம்பியில் கட்டிவிடுவான். மைதானத்தைப் பார்த்து இல்லை, கூட்டத்தைப் பார்த்து. நான் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது, ஆனால் கூட இருக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. தோசைக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் அவர்கள் முகங்களைப் பார்ப்பேன். டில்லி துண்டைக் கடித்தால் எதிரணிக்குக் கார்னர். வனஜா அக்கா தலையில் கை வைத்தால் நம் ஆள் வெளியே அடித்துவிட்டான். ரேவதி கடந்துபோகும்போது எட்டிப் பார்த்து, "இவ்ளோ பேர் எதப் பாக்கறாங்கன்னு உங்களுக்கு ஒரு நாளாவது காட்டுவாங்களா?" என்று கேட்பாள்.

போன வருடம் இந்த ஊர் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும் நிலைமையில் இருந்தது. ஜெயித்தே ஆகவேண்டிய ஓர் ஆட்டத்தில் இடைவேளைவரை கோல் எதுவும் இல்லை. பழக்கதோஷம், நான் எழுந்தேன். எங்கே என்று ஏலன் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். நான் இருந்தால் அணி தோற்கும், நான் துரதிர்ஷ்டம், வெளியே போகும்படி எல்லா ஆட்டத்திலும் சொல்வார்கள் என்றேன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் ஏலன். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது.

"யார் உன்னிடம் அப்படிச் சொன்னது?"

"என் நண்பர்கள்தான்."

"அவர்கள் உன் நண்பர்களே இல்லை" என்று கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவெனப் படியிறங்கிப் போனார். சிறிது நேரத்தில் மைதானப் பணியாளரான ஒரு பெண்மணியோடு திரும்பி வந்தார். அந்த அம்மா என் அருகில் குனிந்து, மிக மெதுவான குரலில், இங்கே நிறத்தையும் நாட்டையும் வைத்து யாரும் யாரையும் விரட்ட முடியாது, அந்த ஆட்களைக் காட்டினால் போதும் என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அவர்கள் இங்கே இல்லை, கருங்குழியில் இருக்கிறார்கள் என்றேன். அது எந்தப் பக்கத்து ஸ்டாண்ட் என்று கேட்டார்.

ஒருவழியாக அவரை அனுப்பி வைத்தபின் ஏலன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "நீ எங்கேயும் போக வேண்டாம்" என்றார். அந்தக் கைக்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், அணி ஒரு கோல் போட்டு ஜெயித்தது. பார்த்தாயா என்று ஏலன் என்னைக் குலுக்கினார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஏதோ சப்பென்று ஆகிவிட்டது. இந்த ஊரில் நான் வந்தாலும் வராவிட்டாலும் பந்து அதன் பாட்டுக்குப் போகிறது. ஒரு கோலைக்கூட என்னால் கெடுக்க முடியவில்லை. இதை ஏலனுக்கு எந்த மொழியில் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை.

இந்தப் பொங்கலுக்கு நான்கு வருடம் கழித்து ஊருக்குப் போனோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் நடந்த போட்டியில் ஏரிக்கரை ஃப்ரெண்ட்ஸ் முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. எதிரணி அந்தக் குப்பத்துப் பையன்களே, மணலில் பிறந்து மணலில் ஆடுகிறவர்கள். வரச்சொல்வார்களா, வேண்டாம் என்பார்களா என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆட்டத்துக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்த டில்லியிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"இன்னா கேள்வி மச்சான் இது? இவ்ளோ நாள் கழிச்சு வந்துகீற, நீ இல்லாம எப்புட்றா?" என்றான். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். நான் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் வண்டியின் பின்னால் ஏறப் போனேன். சட்டை அழுக்காகிவிடும் என்று முன்சீட்டில் உட்காரவைத்தான். மைதானத்தில் இறங்கியதும் போட்டிக் குழுவைச் சேர்ந்த ஒருவர் என்னைக் கைபிடித்து அழைத்துப்போய் முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தினார். "லண்டனிலிருந்து நமது போட்டியைக் காண வருகை தந்திருக்கும்" என்று மைக்கில் ஆரம்பித்து, ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். லண்டனை நான் விமானத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன்கள் "வணக்கம் சார்" என்றார்கள். டில்லியும் வனஜா அக்காவும் மற்றவர்களும் வழக்கம்போலச் சவுக்குமரங்கள் பக்கம் நின்றார்கள்.

முதல் பாதியிலேயே குப்பத்து அணி ஒரு கோல் போட்டது. நான் சட்டென்று எங்கள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. டில்லி குனிந்து செருப்பைச் சரிசெய்தான். இடைவேளையில் வனஜா அக்கா ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தார்.

"வெயிலு ஒத்துக்குதாப்பா?"

இருபது வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒத்துக்கொள்கிறது அக்கா என்றேன். பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. தோற்றாலும் பரவாயில்லை, வந்தவன் மனம் கோணக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஏலன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோலவே சொந்த ஊரிலும் ஒரு தொந்தரவும் இல்லாதவனாக உட்கார்ந்திருந்தேன். என்னைத் திட்டுங்கள் என்று வாய்விட்டு எப்படிக் கேட்பது? நானாக எழுந்து போகலாம்தான். போகச் சொல்ல ஆளில்லாமல் போவதில் என்ன இருக்கிறது?

இரண்டாவது பாதியில் எங்கள் பையன் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. சவுக்கு ஓரத்திலிருந்து ஓர் அலறல் கேட்டது.

"டேய் கோபி! சனியனே! சால்வயும் வேணா, சேரும் வேணா! எந்திர்ரா மொதல்ல!"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. போட்டிக் குழுக்காரர் பதறிப்போய், "அம்மா, அவர் விருந்தினர்..." என்று ஆரம்பித்தார்.

"யாரு விருந்தாளி? அவன் எங்க கோபிய்யா! முப்பது மேட்ச்சு தோக்கடிச்சவன்!" வனஜா அக்காவின் குரல் உடைந்தது. "போடா! போய் கடலப் பாத்துகினு நில்லு! நான் சொல்ற வரிக்கும் இந்தப் பக்கம் பாத்த, மவனே கொன்னுடுவேன்!"

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக ஓடியதில்லை. நாற்காலி கவிழ்ந்தது. பொன்னாடை காலில் சிக்கியது. படகுகளைத் தாண்டி ஈரமணலில் போய் நின்று, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டேன். பக்கத்துப் படகின் நிழலில் ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மைதானத்தைப் பார்த்து இருந்தது.

"இன்னா அண்ணாத்த, மேட்ச் பாக்கல?"

"நான் பார்த்தா எங்க டீம் தோத்துடும்."

அவர் சிரிக்கவில்லை. நியாயம்தான் என்பதுபோலத் தலையசைத்தார். "எந்த டீமு?"

"கருங்குழி."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒரே ஒரு வாட்டி பாரேன் அண்ணாத்த" என்றார்.

முடியாது என்று சிரித்தேன். சற்று நேரத்தில் பின்னால் பெரும் கூச்சல் எழுந்தது. அவர் வலையை மடியில் போட்டுவிட்டு உச்சுக்கொட்டினார். "மச்சான், கோலு! அப்பிடியே நில்லுடா, அசையாத!" என்று டில்லி தூரத்திலிருந்து கத்திவிட்டு ஓடினான். வெயில் என் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கூச்சல், முன்னதைவிடப் பெரிது. வலைக்காரர் எழுந்தே விட்டார். பிறகு நீண்ட விசில். மேளச் சத்தம். வனஜா அக்கா யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதுகொண்டே சிரிப்பது அத்தனை சத்தத்திலும் தனியாகக் கேட்டது.

வலைக்காரர் மணலைத் தட்டிக்கொண்டு வந்து என் தோளைத் தொட்டார். "முடிஞ்சிது அண்ணாத்த. உங்காளுங்கதான். இனிமே பாக்கலாம், போ."

எனக்குக் கண் முழுக்கத் தண்ணீர். இன்னும் நான்கு நாளில் விமானம். எங்கள் ஆட்கள் பின்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள், அந்தக் குதிப்பில் ஒருவருக்கும் என் ஞாபகம் வரவில்லை. வனஜா அக்கா வந்து சொல்லட்டும் என்று, கடலைப் பார்த்தபடியே நின்றேன்.