கீழே வீடு இல்லை

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு சிறிய மண் அணைக்குக் காவலாளி. அணை உடைந்தால் எத்தனை உயிர் போகும் என்பதை வைத்துத்தான் அதன் ஆபத்து வகையை முடிவு செய்வார்கள். கீழே உள்ள வீடுகளை எண்ணி வருஷா வருஷம் படிவம் நிரப்புவது இவர் வேலை. இருபது வருஷமும் அந்த மகராசன் "வீடு இல்லை" என்றே எழுதிக் கொடுத்தார். குறைந்த ஆபத்து என்று முத்திரை குத்திவிட்டு, பொறியாளர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

அணைக்கு நேர் கீழேதான் அவரும் அக்காவும் குடியிருந்தார்கள்.

"உங்க வீட்ட ஏன் அத்தான் எழுதல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது ஆபீஸ் குவார்ட்டர்ஸ் மாப்ள. மதகு மாதிரி அதுவும் அணையோட சேர்ந்தது. வீட்டுக் கணக்குல வராது."

"பெரிய வக்கீலு!" என்று அக்கா சிரித்தாள்.

ஒரு மத்தியானம், அவர் மேலே நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது கரை உடைந்தது. அக்கா கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

கரையை மறுபடி கட்டினார்கள். பாழாய்ப்போன படிவமும் வந்தது. பேனாவைத் திறந்தவர் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

"இப்பவாவது என்ன எழுதப் போறீங்க?" என்று சீறினேன்.

"வீடு இல்லைன்னுதான் மாப்ள. இந்தத் தடவ அது உண்மை."