சிவப்புத் துணி கட்டிய நாலு முளை

போன வருஷம் பங்குனியில், மீன்சுருட்டிக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு முந்திரித் தோப்பின் ஓரத்தில் நடந்தது இது. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. அவர்களுக்கு என் மேல் இருந்தால் அது நியாயம்தான்.

முதலில் எங்கள் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பெரம்பலூர். என் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். அவருக்கும் வேனுக்கும் ஒரே சமயத்தில் வயதாகிவிட்டது. இனிமேல் இதில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்று ஓரங்கட்டிய வேனை, பழைய இரும்புக்குப் போக விடாமல் இவரே கேட்டு வாங்கி வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். "இதுக்குள்ள ஒரு வூடு கட்டப் போறேன்" என்றார். இருக்கிற வீடே மழைக்கு ஒழுகுது, அதைப் பாருங்க முதல்ல என்றேன். காதில் வாங்கவில்லை.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கேஸை அணைத்துவிட்டுப் படுத்த பிறகும் எழுந்துபோய் ஒருமுறை திருகிப் பார்ப்பேன். வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவேன், திரும்பி வந்து மறுபடி இழுப்பேன். அப்படிப்பட்டவளிடம் ஒரு ஓட்டை வேனைக் காட்டி, இதில் ஊர் ஊராகப் போய்த் தங்கலாம் என்றால் என்ன சொல்வேன்? லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்கு வண்டி போனபோது நானும் கூடவே போய் உட்கார்ந்துகொண்டேன். வெல்டிங் வைப்பவர் மெல்லிசுத் தகட்டைப் போட்டு ஏமாற்றிவிடுவார் என்று ஒவ்வொரு தகட்டையும் தட்டிப் பார்த்தேன். அவர் கடைசியில் எனக்கே ஒரு சுத்தியலைக் கொடுத்துவிட்டார்.

சீட்டுகளைக் கழற்றியபோது அடியிலிருந்து பென்சில் துண்டுகளும், ரிப்பனும், ஒற்றைச் சாக்ஸும் வந்தன. தரை துருப்பிடித்து, காலை வைத்தால் உள்ளே போனது. அதையெல்லாம் வெட்டியெடுத்துப் புதுத் தகடு போட்டு, மேலே பலகை அடித்து, ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் பெட்டி, ரெண்டு அடுப்பு வைக்க ஒரு மேடை, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி என்று கொஞ்சம் கொஞ்சமாக அது வீடாகிவிட்டது. கூரையில் தண்ணீர் டேங்க். அதன் பக்கத்தில், ஃபேன் ஓடுவதற்கு சோலார் தகடு. மஞ்சள் வண்ணத்தோடு போனால் வழியெல்லாம் பிள்ளைகள் கை காட்டி நிறுத்தும் என்று வெள்ளை அடித்தோம். அந்த வெள்ளைதான் பின்னால் வினையானது.

முதல் பயணம் திருமழபாடிக்கு. ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது இவர் பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் இருக்கும் பிள்ளைகளை அதட்டப் போனார். பின்னால் நான் மட்டும்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கொள்ளிடக் கரையில் வண்டியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்துச் சாப்பிட்டோம். ஆற்றுக் காற்று உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது அவருக்கு.

மறுநாள் அரியலூர் வந்து, அங்கே ஒரு கடையில் தோசைக்கு மாவு அரைத்து வாங்கிக்கொண்டு, ஜெயங்கொண்டம் தாண்டிப் போனோம். முந்திரி பூத்துக் காய்த்து நின்ற ஒரு தோப்பைப் பார்த்ததும் இவருக்கு அங்கேயே தங்க வேண்டும் போல் ஆகிவிட்டது. தோப்புக்கும் மண் சாலைக்கும் நடுவில் வண்டியை நிறுத்தினார்.

வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் தோசை ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் கருகிவிடும். அதனால் எங்கே நிறுத்தினாலும் கொத்தனார்கள் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து வைத்து, டயருக்கு அடியில் செங்கல் கொடுத்துச் சமம் செய்வார். பிறகு நிழலுக்கு ஒரு தார்ப்பாயை இழுத்து, கயிற்றைக் கட்ட நாலு இரும்பு முளைகளைத் தரையில் அடிப்பார். தெரியாமல் யாராவது கால் தடுக்கி விழக்கூடாதே என்று, என் பழைய சிவப்பு ஜாக்கெட்டைக் கிழித்து ஒவ்வொரு முளையிலும் ஒரு துண்டு கட்டியிருந்தேன். முன்யோசனைக்காரி நான்.

அடித்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ரெண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். முளைகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் என் கழுத்தைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது.

"எந்தூரும்மா?" என்றார். சொன்னேன். "இங்க யாரு வூட்டுக்கு வந்திருக்கீங்க?"

யாரும் தெரியாத இடம், சொந்தம் இல்லை, ரெண்டே பேர் என்று உண்மையைச் சொன்னால் அது திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது போல் என்று என் புத்தி சொன்னது. பக்கத்தில் தா.பழூரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், வண்டி சூடாகிவிட்டது, ஆறியதும் கிளம்பிவிடுவோம் என்றேன்.

"தா.பழூர்ல யாரு? எனக்குப் பொறந்த வூடே அதுதான்."

உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, என் வாயில் அந்த ஊர்தானா வர வேண்டும். அவர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள் என்றேன். எந்தத் தெரு என்றார். அது இவருக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, சங்கிலியை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதே நேரத்தில் சாலைப் பக்கம், டிவிஎஸ் வண்டியில் வந்த ஒருவர் என் கணவரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். இவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "சும்மாதாங்க. ரெண்டு நாள் தங்கி மரத்தையெல்லாம் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துத் தோப்பைப் படமும் பிடித்திருக்கிறார்.

பிற்பகல் வெயிலுக்குக் கண்ணயர்ந்துவிட்டோம். எழுந்து பார்த்தால் தார்ப்பாய் தரையில் கிடக்கிறது, முளை நாலையும் காணோம். நான் நினைத்தது சரியாகிவிட்டது என்று எனக்கு ஒரு பக்கம் திருப்தி கூட. முளையை எடுத்தவர்கள் அடுத்து எதை எடுப்பார்கள் என்று பயமும் வந்தது. வாசல் கதவில் நின்று, வந்து அரை நாள் ஆகவில்லை அதற்குள் களவா, இது என்ன ஊர் என்று சத்தம் போட்டேன். ஆள் இல்லாத இடம் என்று நினைத்திருந்தேன். தோப்புக்குள்ளிருந்து ஆண்களும் பெண்களுமாக வந்துவிட்டார்கள். எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

டிவிஎஸ்காரர் நேராக டிரைவர் பக்கம் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டார். "சார், யாரு அனுப்புனதுன்னு சொல்லுங்க. சாவியத் தரோம்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

யாரும் அனுப்பவில்லை என்றார் இவர். அந்தம்மா தா.பழூருங்குது, நீங்க மரம் பாக்க வந்தேங்கிறீங்க, எது நெசம் என்று இன்னொருவர் கேட்டார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். மேலே அது என்ன தகடு, உள்ளே என்ன மிஷின் வைத்திருக்கிறீர்கள், கதவைத் திறங்கள் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் காற்றைப் பிடுங்கிவிட டயர் பக்கத்தில் குந்திவிட்டார். நான் ரெண்டு கையையும் விரித்துக் கதவை மறித்துக்கொண்டேன். பார்த்துப் பார்த்துச் செய்த வீடு. இத்தனை பேர் உள்ளே புகுந்தால் என்ன மிஞ்சும்? மறிக்க மறிக்க அவர்களுக்குச் சந்தேகம் கூடியது. இத்தனை வருஷத்தில் தன் வண்டிச் சாவியை வேறு யாரும் எடுத்துப் பார்த்திராத என் கணவர், வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் ஆட்டுக்கார அக்கா பேசினார். யாரையும் பார்த்துப் பேசவில்லை.

"என் வூட்டுக்காரரு இருந்தப்பவும் இப்படித்தான் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்னுச்சு. வழி தப்பி வந்துட்டோம்னாங்க. நாந்தான் மோரு கரைச்சுக் குடுத்தேன். குடிச்சாங்க. சாயந்தரம் போயிப் பாத்தா கொல்லை முச்சூடும் செவப்புத் துணி கட்டுன குச்சி."

வந்தவர்கள் நிலம் அளக்கிறவர்களாம். அதற்குப் பிறகு நிலம் எடுப்பதாகப் பேச்சு வந்து, பயிர் வைத்திருந்த பெரிய கொல்லை கையைவிட்டுப் போனதாம். மிச்சம் இந்தத் தோப்பு மட்டும்தான். முளைகளைப் பிடுங்கியது அவர்தான். அதை மறைக்கவும் இல்லை.

என் ஜாக்கெட் துணி, ரசமட்டம், வெள்ளை வண்டி, தா.பழூர் சொந்தம் எல்லாம் அவர் கண்ணில் எப்படிப் பட்டிருக்கும் என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் டயரையே கிழித்திருப்பேன்.

அக்கா, நீங்க மட்டும் உள்ள வந்து பாருங்க என்று கையை எடுத்தேன். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். குழாயைத் திருகி, தண்ணீர் வந்ததும் மூடினார். என்னைப் போலவே ஒருமுறை மூடியதை மறுபடி திருகிப் பார்த்தார். கடைசியாக மேடையில் இருந்த குண்டானிடம் வந்தார். காலையில் அரைத்த மாவு வெயிலுக்குப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு ஓரத்தில் வழிந்திருந்தது. மூடியைத் தூக்கி மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவுக்குப் போய் வெளியே தலையை நீட்டினார்.

"அளக்க வர்றவன் ஓட்டல்ல திம்பான். மாவு கரைச்சுக்கிட்டா வருவான்? குடும்பந்தான் நடத்துறாங்க. சாவியக் குடுங்க."

டயர் பக்கத்தில் குந்தியிருந்தவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். சாவி இவர் கைக்கு வந்தது. ஆனால் அக்கா என்னை விடவில்லை. தா.பழூர்ல யாரு என்று மறுபடி கேட்டார். யாரும் இல்லை, நீங்கள் என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்ததும், ஆள் கூட்டி வரத்தான் நோட்டம் பார்க்கிறீர்கள் என்று பயந்து சொல்லிவிட்டேன் என்றேன்.

"ரெண்டு ஆட்ட வெச்சுக்கிட்டா நோட்டம் பாப்பேன்?" என்று கேட்டுவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரோடு.

அன்று சாயங்காலம் நான் ஊற்றிய முதல் தோசையை அவருக்குக் கொடுத்தேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் அவர் பிட்டார். கோபம் வரவில்லை எனக்கு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாள் காலையில் முளைகளோடு வந்தார். மண்ணைத் துடைத்து, என் சிவப்புத் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, தன் பழைய புடவையிலிருந்து கிழித்த பச்சைத் துண்டுகளைக் கட்டியிருந்தார். எங்கே போனாலும் இனிமேல் சிவப்புக் கட்டாதே, யார் கொல்லை என்று கேட்டுவிட்டு அடி என்றார். ஒரு கல்லை எடுத்து நாலு முளையையும் அவர் கையாலேயே அடித்தும் கொடுத்தார். தார்ப்பாய் நேற்றை விடக் கோணலாக நின்றது. ஏன் என்று பார்த்தேன். தோப்புப் பக்கம் இருந்த ரெண்டு முளைகளையும் தன் எல்லையை விட்டு ஒரு சாண் வெளியே தள்ளி அடித்திருந்தார்.

அந்தப் பச்சைத் துண்டுகள் வெளுத்துவிட்டன. நான் மாற்றவில்லை. இப்போதும் போகிற இடத்தில் கேஸைத் திருகிப் பார்க்கிறேன், பூட்டை இழுத்துப் பார்க்கிறேன், புது ஆளைக் கண்டால் சங்கிலியை உள்ளே தள்ளிக்கொள்கிறேன். ஆனால் என்னை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தால் முன்போல் கோபம் வருவதில்லை. அவரிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு யார் எதைப் பறித்துப் போனார்களோ என்றுதான் மனசு கேட்கிறது.