குறை ஏதும் இல்லாத தெரு

எங்கள் தெருமுனையில் வாறுகாலை, அதாவது சாக்கடையை, மூடியிருந்த கல் உடைந்து வெகுநாளாயிற்று. என் வீட்டுக்காரர் அந்தக் குழிக்குள்தான் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கையில் கிடந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவர் போன பின்னும் குழி அப்படியே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பால் வாங்கப் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன்மேல் ஒரு கல்லைப் போடவைத்துவிட வேண்டும், எனக்கு வேறு ஆசை கிடையாது.

நகராட்சிக்கு மூன்று மனு கொடுத்தேன். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது. ஆய்வுக்கு வந்தபோது தெருவில் ஆள் யாரும் இல்லையாம். எப்படி இருப்பார்கள்? காலை ஆறரைக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றால் தெருவே ஏறிப் போய்விடும். ஆனால் நான் இருந்தேனே! காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவள், பேச்சுத் துணைக்கு ஓர் ஈ காக்கை இல்லாமல் பகல் முழுக்க வாசலில்தானே உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் கண்ணுக்கு நான் ஆளாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

அப்புறம் பகுதிசபைக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வார்டு மக்கள் நேரில் வந்து குறை சொல்லலாம், புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு. முதல்நாள் சாயங்காலம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லோரும் வருகிறோம் என்றார்கள். தீபாவளி நெருங்கும் சீசனில் யாருக்கு லீவு கிடைக்கும் என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனாலும் நம்பினேன்.

சமுதாயக் கூடத்தில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. கூட்டம் நடத்த வந்த அலுவலர் ஒருவர், நான் ஒருத்தி. அரை மணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் நோட்டை மூடி எழுந்துவிட்டார். கூட்டம் முடிந்துவிட்டதாம். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். அவர் நோட்டை என் பக்கம் தள்ளினார். பக்கம் முழுக்க எங்கள் தெருக்காரர்களின் கையெழுத்து. அதற்கு மேலே, பகுதியில் குறை ஏதும் இல்லை என மக்கள் தெரிவித்தனர் என்று எழுதியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது பொய், அந்த வரியை அடியுங்கள் என்றேன்.

"இம்புட்டுப் பேரு கையெழுத்துப் போட்டிருக்காகம்மா. நீங்க ஒருத்தர் சொன்னா எப்படி அடிக்க?" என்றார்.

சாயங்காலம் வேன் வரும்வரை தெருமுனையிலேயே நின்றேன். பட்டாசு மருந்துத்தூள் படிந்த கையோடு முதலில் இறங்கியவள் பக்கத்து வீட்டுக்காரி. விடிகாலையில் வேன் நிற்கிற இடத்துக்கே ஒருவர் நோட்டைக் கொண்டுவந்தாராம். கூட்டத்துக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடுங்கள் என்றாராம். கம்பெனி வாசலில் கையெழுத்துப் போட்டால் வந்த கணக்கு. தினமும் அப்படியே பழகியவர்கள், இதையும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். மேலே என்ன எழுதப் போகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"எல்லாம் உங்களுக்காகத்தான்க்கா. ஆளில்லன்னு சொல்லிறக் கூடாதுல்ல? உங்க வீட்டுக்கும் நானே போட்டுட்டேன்."

யார் பேருக்கு என்று கேட்டேன்.

"அவர் கொண்டாந்த லிஸ்ட்ல இன்னும் அண்ணன் பேருதானக்கா இருந்துச்சு."

அந்தக் குழியில் விழுந்து செத்த மனுஷன், குறை ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீகளாக்கா?" என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு, குழியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.