என் கைச்சோற்றை மறுத்த மகள்

போன வருடம் பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் என் மகள் ஷெரின் என் கையால் சாப்பிடுவதை நிறுத்தினாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரே பிள்ளை. தட்டை வைத்தால் முகர்ந்து பார்த்துத் தள்ளிவிடுவாள். தோல் உரிக்காத வாழைப்பழம், பிரிக்காத பாக்கெட் பிஸ்கட் மட்டும் சாப்பிடுவாள். சுவரைப் பார்த்து முணுமுணுப்பாள். யாரிடம் பேசுகிறாய் என்றால், "காதுக்குள்ள பேசுறாங்கம்மா" என்பாள். அவளைக் கேட்டு, அவள் சம்மதத்தோடுதான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

எந்தத் தாயும் பயந்திருப்பாள். நானும் பயந்தேன். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். அந்த வெட்கக்கேட்டை மறைத்துவிட்டுச் சாட்சி சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் சபையில் ஜெசிந்தா அக்கா இருக்கிறார். நர்ஸ் வேலை. விஜயநகரில் எங்களுக்கு அடுத்த தெரு. அவர் மகளும் ஷெரினும் ஒரே வகுப்பு. அந்தப் பெண் கண்ணை மூடி ஜெபித்தால் பெரியவர்களே அழுதுவிடுவார்கள். "பிள்ளையை வளர்த்தா ஜெசிந்தா மாதிரி வளர்க்கணும்" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரியும். அக்காவுக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு பிள்ளை என்று ஆண்டவரிடமே சண்டை போட்டிருக்கிறேன். அதனால் என் பிள்ளைக்குச் சத்தம் கேட்கிறது என்றதும், ஆண்டவர்தான் பேசுகிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. ஷெரினை நடுவில் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று சொல்லச் சொன்னேன். இந்த ஊரிலேயே பிறந்து படிப்பதால் அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். தலையைக் குனிந்துகொண்டு, "ஊட்டா மாட்பேடா அந்தாரெ" என்றாள். சாப்பிடாதே என்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் கூட்டத்தில் யாராவது கன்னடத்தில் பேசினால் ஒருவர் அதைத் தமிழிலும் சொல்வது வழக்கம். நான் எழுந்து நின்று, "உபவாசம் இருக்கச் சொல்லி ஆண்டவர் பேசுறார்" என்று சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். நான் ஜெசிந்தா அக்கா முகத்தைத்தான் பார்த்தேன். அவர் ஷெரினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தபின் சமையலறைக்கு வந்தார். "ரோஸ்லின், இது ஆண்டவர் சத்தம் இல்லடி. புள்ள பயந்துபோயிருக்கா. டாக்டர்கிட்ட காட்டலாம், நானும் கூட வர்றேன்."

"உங்க பொண்ணுக்குன்னா வரம், என் பொண்ணுக்குன்னா வியாதியா அக்கா?" என்றேன். அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன். யார் யாரைச் சொல்வது பாருங்கள்!

நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். ஷெரினோ பள்ளி விட்டதும் நேரே அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். ஒருநாள் கூப்பிடப் போனேன். என் மகள் அங்கே உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். எனக்குத் தாங்கவில்லை. "என் சோறு மட்டும் விஷமாடி?" என்று கத்தினேன். ஷெரின் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அக்கா என்னை வெளியே அழைத்துவந்தார். "உன் சோத்துல என்னமோ கலந்திருக்குன்னுதான் அந்தச் சத்தம் சொல்லுதாம். நீ அவளைக் கொல்லப் பாக்குறியாம். இதை உன்கிட்ட எப்படிடி சொல்லுவா?"

வீட்டுக்கு வந்து முழங்காலில் விழுந்தேன். பெரிய ஜெபம் எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, அவங்ககிட்ட சொன்னதை என் பிள்ளை என்கிட்டயும் சொல்லணும். என் கையாலயும் ஒரு வாய் சாப்பிடணும்." பொறாமை பிடித்த ஜெபம்தான். வேறு ஜெபம் என்னிடம் இல்லை.

மறுநாள் அக்காவே மனநல டாக்டரிடம் அழைத்துப்போனார். நஞ்சன்கூடு ஃபேக்டரியில் வேலை செய்யும் என் வீட்டுக்காரரும் லீவு போட்டு வந்தார். இது வியாதி, யார் தப்பும் இல்லை என்றார் டாக்டர். சத்தம் பொய் என்று அவளோடு வாதாடவும் வேண்டாம், அதைக் கொண்டாடவும் வேண்டாம், பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள் என்றார். மாத்திரை தொடங்கியது. அதையும் என் மகள் அக்கா கையால்தான் வாங்கினாள். மூன்று மாதம் தினமும் அவளைக் கூட்டிவர அவர் வீட்டு வாசலில் நின்றேன். நன்றியும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. இரண்டையும் ஒளிக்காமல் ஆண்டவரிடம் சொன்னேன்.

தசரா லீவு முடிந்து பள்ளிக்குப் போன முதல் நாள், ஷெரின் நேரே வீட்டுக்கு வந்தாள். "தட்டு வைம்மா" என்றாள். சோறும் ரசமும் வைத்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"ம். இப்பவும் சொல்றாங்க, நீ என்னமோ கலந்திருக்கேன்னு." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீ முதல்ல ஒரு வாய் சாப்பிடு. அப்புறம் நான் சாப்பிடுறேன்."

சாப்பிட்டேன். என் மகளும் சாப்பிட்டாள். நான் கேட்ட இரண்டையும் ஆண்டவர் ஒரே தட்டில் கொடுத்தார்.

சத்தம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ரொம்பக் குறைந்திருக்கிறது. வந்தால் என்னிடம் சொல்கிறாள். மாத்திரையையும் நாங்கள் விடவில்லை, ஜெபத்தையும் விடவில்லை. ஜெசிந்தா அக்காவைப் பார்த்தால் சில நாள் இன்னும் எரியத்தான் செய்கிறது. அவரிடமே சொல்லிவிடுவேன், சிரிப்பார்.

உங்கள் பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால் டாக்டரிடம் போகத் தயங்காதீர்கள். நல்ல வார்த்தை தேடாமல், மனசில் உள்ளதை உள்ளபடியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். நமக்குப் பிடிக்காத ஆள் மூலமாகப் பதில் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனை மாதமும் முதல் வாய் நான்தான் சாப்பிட்டுக் காட்டினேன். நேற்று மத்தியானம் நான் உட்காருவதற்குள் ஷெரின் தானே பிசைந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். அதற்கு நன்றி சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.