பாட்டரி இல்லாத விலை

ஆடி பிறப்பதற்கு முன்பே என் ஆத்துக்காரர் டாக்சியை விற்றுவிட்டார். எங்களுக்குச் சோறு போட்டது அந்த டீசல் வண்டிதான். வார நாட்களில் கழக்கூட்டத்துக்கு ஆபீஸ்காரர்களை ஏற்றிப்போவார். சனி ஞாயிறென்றால் பொன்முடி மலைக்குச் சுற்றுலா. அதை விற்றுவிட்டு, வரப்போகிற மின்சார எஸ்யூவி ஒன்றுக்குப் பதிவு செய்திருந்தார். அதன் விலையைக் கம்பெனிக்காரன் இன்னும் வாய் திறந்து சொல்லவே இல்லை.

"புதுசோட வெலையே தெரியல. இருக்கற வண்டிய ஏன்னா தொலைச்சேள்?" என்று கத்தினேன்.

"ஆடி பொறந்துட்டா நம்மாத்துல விக்கறதும் இல்ல, வாங்கறதும் இல்ல. ஆவணில புதுசு வந்துடும், கேட்டோ. போட்டிக்கு வேற கம்பெனி வண்டி மூணு நிக்கறது. அதுக்கெல்லாம் கீழதான் வெலை வெப்பான். வெக்காம எங்க போவான்?"

கம்பெனி முதலாளி இவர் மடியில் வளர்ந்த மாதிரிதான் பேச்சு!

ஆடி முழுக்க மழை. எங்கள் வலியசாலைத் தெருவில் வண்டி நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கூப்பிட்டவர்களுக்கெல்லாம் "ஆவணில வரேன் சார்" என்றார். பிறகு போன் அடிப்பதே நின்றுவிட்டது. ஷோரூமில் விசாரித்தால் விற்பனைக்காரர் சிரித்துக்கொண்டே, "பேடிக்கண்டா சேட்டா, வில கேட்டால் ஞெட்டும்" என்றாராம். பயப்படாதே என்கிறார், கேட்டால் அதிர்ந்துபோவாய் என்றும் சொல்கிறார். இதில் எதை நம்புவது?

ஒருநாள் மத்தியானம் விலையை அறிவித்தார்கள். அந்த மூன்று வண்டியின் விலைக்கும் கீழே! இவர் குதித்தார். "பாத்தியாடி! பாயசம் வை!"

அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு போனை வாங்கிப் படித்தேன். அடியில் பொடி எழுத்தில் இருந்தது: இந்த விலையில் பாட்டரி சேராது. ஓடுகிற கிலோமீட்டருக்கு ஏற்ப அதற்கு மாத வாடகை. பாட்டரியோடு சேர்த்து வாங்கினால், அந்த மூன்றையும் விட இதுதான் விலை கூடுதல்.

சத்தமாகப் படித்தேன். முதலில் சிரித்தார். பிறகு இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

"ஓடினாத்தானேடி நமக்குச் சோறு?"

"ஓட ஓட வாடகை ஏறும்னா. வாசல்ல நிறுத்தி வெக்கறவாளுக்குத்தான் இது கட்டுப்படியாகும்."

நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய்ப் பயம்தான் மிஞ்சியது. பாலை இறக்கி வைத்தேன். பதிவை ரத்து செய்தோம். அவர் விற்ற விலைக்கு அதுபோல் ஒரு பழைய டாக்சிகூட ஊரில் கிடைக்கவில்லை.

ஆவணியில் போன் வந்தது. எங்கள் வண்டியில் வழக்கமாகப் பொன்முடி போகும் கழக்கூட்டத்து ஆபீஸ் மேனேஜர். அதே எஸ்யூவியை எடுத்திருக்கிறாராம், பாட்டரி வாடகைக்கு. "எனக்கு ஓட்டம் கம்மி, லாபமாக்கும். பட்சே அந்த வளைவு ரோட்ல ஓட்ட தைரியம் இல்ல. ஞாயித்துக்கெழம நீங்க ஓட்ட வருவீங்களா?"

இத்தனை வருஷத்தில் அடுத்தவன் வண்டிக்கு டிரைவராகப் போகாத மனிதர்.

"வரேன் சார்," என்றார்.

போனை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "மலை ஏறறச்சே கூட அதுல சத்தமே வராதாமே, நெஜமாடி?"